மாப்பிள்ளை காரின் மின்சாரம்

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்ததும் மாப்பிள்ளை ஓப்பன் காரில் ஏறி உட்காருகிறார். முன்னால் பேண்டு வாத்தியம், அதற்கும் முன்னால் சரவெடி. நாதஸ்வரக்காரர் நடந்தால் கார் நகரும். அவர் நின்று ஒரு பாட்டை இழுத்தால் காரும் நிற்கும். ஹெட்லைட் எரிகிறது. பானெட்டைச் சுற்றி சீரியல் பல்ப் எரிகிறது. பின்சீட்டில் ஆம்ப்ளிஃபையர். கண்டாச்சிபுரம் கடைத்தெருவிலிருந்து மண்டபம் அரை கிலோமீட்டர்தான். போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

ஒரு பழைய காரின் மின்சாரத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. அதே காரை விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வரை ஒரே மூச்சில் ஓட்டிப் போனால் பேட்டரி நிறைந்து வரும். நடை வேகத்தில் அரை கிலோமீட்டர் போனால் வற்றிவிடும். ஊர்வலம் பாதியில் நிற்க, மச்சான்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைத் தள்ளும் காட்சியைப் பார்த்தவர்கள் டிரைவரைத்தான் திட்டுவார்கள். பாவம், அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. கோளாறு அந்தக் காலத்து டைனமோவின் இயல்பிலேயே இருக்கிறது.

நம் பக்கத்தில் ஓப்பன் காராக மாறிய வண்டிகளில் தனி இடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிகெலொட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்ட் 1959இல் பிரிட்டனில் வந்தது. 1961இல் சென்னை வண்டலூர் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. 948 சி.சி. இன்ஜின், இரண்டே கதவு. வண்டலூரில் பிறந்த வண்டி அதே ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் நேராகத் திண்டிவனம் வந்து சேரும். அந்தக் காலத்தில் புதிதாக வந்த கார்கள் பலவற்றில் உடம்பே எலும்பாகவும் இருந்தது. ஹெரால்டுக்கு மட்டும் லாரியைப்போலக் கீழே தனிச் சேசிஸ். பாரத்தைச் சேசிஸ் தாங்குவதால் மேற்கூரையை போல்ட் கழற்றி எடுத்தாலும் வண்டி வளையாது. பிரிட்டனில் கம்பெனியே துணிக்கூரை வகையை விற்றது. அம்பாசடரின் கூரையை அறுத்தால் கதவு மூடாது. ஹெரால்டில் அந்தக் கவலை இல்லை.

ஊர்வலத்துக்கு வருவோம். டைனமோ என்பது ஆர்மேச்சர் சுழன்று நேர்மின்சாரம் தரும் பழைய வகை ஜெனரேட்டர். அந்தக் காலக் கார்களில் பரவலாக இருந்த, பிரிட்டனின் லூகாஸ் கம்பெனி செய்த சி-40 வகை அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அந்த 22 நல்ல வேகத்தில் ஓடும்போதுதான். பேட்டரியைச் சார்ஜ் செய்யவே டைனமோ சுமார் 13 வோல்ட்டை எட்ட வேண்டும். அதற்கு அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல், வகையைப் பொறுத்து 1,400 சுற்று வரை சுழல வேண்டும். ஐடிலில் நிற்கும் இன்ஜின் அதைச் செய்து தராது. அப்போது பேட்டரியின் அழுத்தம் டைனமோவின் அழுத்தத்தைவிட அதிகம். இரண்டையும் இணைத்தே வைத்திருந்தால் மின்சாரம் பின்னோக்கி ஓடி டைனமோவையே எரித்துவிடும். அதைத் தடுக்கத்தான் கட்அவுட் என்ற சின்னக் காந்தச் சுவிட்ச். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு செய்யும் வேலையே இதற்கும்: ஏறும்போது திறந்துவிடும், இறங்கப் பார்த்தால் அடைத்துக்கொள்ளும். டைனமோ வேகம் எடுத்ததும் கட்அவுட் ஒட்டிக்கொள்ளும், வேகம் குறைந்ததும் விட்டுவிடும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் வால்வு மூடியிருக்கிறது என்று பொருள். ஊர்வலம் முழுக்க அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பூமாலை மறைப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

இப்போது செலவுக் கணக்கு. 45 வாட் ஹெட்லைட் இரண்டு: 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். சைடு லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்த்து இரண்டரை. இக்னிஷன் காயிலுக்கு மூன்று. இதுவரை 13. சீரியல் பல்புக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஐந்து வைத்துக்கொண்டால் 18 ஆம்பியர். வரவு பூஜ்யம். பேட்டரி 40 ஆம்பியர்-மணி என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்க வேண்டும் என்று தோன்றும். தாங்காது. பேட்டரியில் எழுதியிருக்கும் அந்த 40, இருபது மணி நேரம் நிதானமாக 2 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. 18 ஆம்பியராக உறிஞ்சினால் ஈயத் தகட்டின் மேல்பரப்பில் இருக்கும் அமிலம் மட்டும் வேலை செய்து தீர்ந்துபோகும். உள்ளே இருப்பது ஊறி வெளியே வர நேரம் கிடைக்காது. ஒன்றரை மணி நேரம் தாங்கினால் நல்ல பேட்டரி. வயதான பேட்டரி மாப்பிள்ளையைத் தெருமுனையிலேயே இறக்கிவிடும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி உயிர் வருவதும் அந்த அமிலம் ஊறுவதால்தான்.

ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜினை வேகமாகச் சுற்ற வைக்கலாமே என்றால், நிற்கிற வண்டியில் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. பேட்டரியைக் காப்பாற்றப் போய் தண்ணீர் கொதிக்கும். அலங்கார விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் தனி பேட்டரி வைப்பது மலிவான வழி. குண்டு பல்பு சீரியலுக்குப் பதில் எல்.இ.டி. சரம் கட்டினால் செலவு ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டுவது மூன்றாவது வழி. அது ஐடிலிலேயே கொஞ்சம் சார்ஜ் தரும். ஆனால் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டால் ஒரு பழைய பட்டறைப் பழக்கத்தைக் கைவிட வேண்டும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். அந்தக் கணத்தில் எழும் அழுத்தம் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகளைக் கொன்றுவிடும்.

இனி தீ.

பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால்கூடத் தெரியாது என்பார்கள். உண்மைதான், கைக்குத் தெரியாது. ஒயருக்குத் தெரியும். வீட்டு மின்சாரத்தின் அபாயம் வோல்ட்டில்; கார் மின்சாரத்தின் அபாயம் ஆம்பியரில். ஒரு சதுர மி.மீ. குறுக்களவுள்ள செம்பு ஒயர், இரண்டு மீட்டர் நீளம், எங்கோ உறை தேய்ந்து பாடியைத் தொடுகிறது என்று வையுங்கள். அந்த ஒயரின் தடை 0.034 ஓம். பேட்டரியின் உள்தடையையும் சேர்த்தால் மொத்தம் 0.05 ஓம் அளவில் இருக்கும். பன்னிரண்டை அதனால் வகுத்தால் 240 ஆம்பியர். ஒயருக்குள் மட்டும் ஏறக்குறைய 2,000 வாட் வெப்பம். அந்த ஒயரில் இருக்கும் செம்பின் எடையோ 18 கிராம்தான். கணக்குப் போட்டால் நொடிக்கு 250 டிகிரிக்கு மேல் சூடேறும். உறை உருகி, பக்கத்து ஒயரின் உறையும் உருகி, மொத்த ஒயரிங்கும் ஒரே கட்டியாகிவிட மூன்று நொடி அதிகம்.

இத்தனைக்கும் ஹெரால்டின் அசல் ஒயரிங்கில் ஒரு ஃப்யூஸ்கூடக் கிடையாது. அதே காலத்து மோரிஸ் மைனரில் இரண்டே ஃப்யூஸ். ஹெட்லைட் இரண்டிலும் வராது. இரவில் ஃப்யூஸ் போய் விளக்கு சட்டென்று அணைந்தால் டிரைவர் மரத்தில் மோதுவார் என்ற பயம் அன்றைய பொறியாளர்களுக்கு இருந்தது. நியாயமான பயம்தான். அதற்கு விடை இரண்டு ஹெட்லைட்டுக்கும் தனித்தனி ஃப்யூஸ் போடுவது. போனால் ஒன்றுதான் போகும். காசை மிச்சம் பிடிக்க நினைத்த கம்பெனிகள் அதைச் செய்யவில்லை.

இன்று அந்தக் காரை வைத்திருப்பவர் செய்ய வேண்டியது எளிது. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளை விட்டுவிடலாம். அது 150, 200 ஆம்பியர் இழுக்கும், ஃப்யூஸுக்கு அடங்காது. அங்கிருந்து பிரிந்து மற்ற எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கும் பழுப்பு நிற ஒயர் ஒன்று இருக்கும். லூகாஸ் வழக்கத்தில் பழுப்பு எப்போதும் உயிருள்ளது, வெள்ளை சாவி போட்டால் உயிர் வருவது, பச்சை ஃப்யூஸ் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். அந்தப் பழுப்பு ஒயரில், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், முதல் ஃப்யூஸ். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் பயனில்லை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்குக் காவல் யார்? இன்னொன்று, ஃப்யூஸ் காப்பது விளக்கை அல்ல, ஒயரை. ஒயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் ஃப்யூஸின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று அச்சிட்டிருந்தால், 35 ஆம்பியரில் அது எரியும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. இன்று கடையில் கிடைக்கும் ஃப்யூஸ்களில் பெரும்பாலும் தொடர்ந்து தாங்கும் அளவையே போடுகிறார்கள். பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி ‘35 கொடுங்க’ என்று வாங்கி மாட்டினால் காவல் பாதியாகக் குறைந்துவிடும். 15 அல்லது 17 வாங்க வேண்டும். சிகரெட் பாக்கெட் தாளைச் சுற்றி மாட்டும் கலையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

லூகாஸ் என்றதும் பழைய கார் ஆர்வலர்கள் சிரிப்பார்கள். அந்தக் கம்பெனி நிறுவனருக்கு ‘இருட்டின் இளவரசர்’ என்று பிரிட்டிஷ்காரர்களே பட்டம் சூட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கிண்டலில் முழு உடன்பாடு இல்லை. 1961இல் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். உருவாகி, சென்னை பாடியில் செய்த டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் தமிழ்நாட்டுச் சாலைகளில் தலைமுறைகளாக ஓடியிருக்கின்றன. விளக்கு அணையும்போது பழி லூகாஸ் பெட்டியின் மேல் விழுகிறது. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே, துருப்பிடித்த ஒரு போல்ட்டின் அடியில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த போல்ட்தான் எர்த். மின்சாரம் போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். காரில் போவதற்கு ஒயர், வருவதற்கு பாடி. இரண்டு ஒயருக்குப் பதில் ஒன்று போதும் என்பது நல்ல சிக்கனம், இரும்பு இரும்பாக இருக்கும்வரை. ஓப்பன் காரில் அது அதிக நாள் அப்படி இருப்பதில்லை. துணிக்கூரையின் தையலில் கசியும் மழை கால்மிதிக்கு அடியில் தேங்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் சுவிட்சுகளில் இறங்கும். மரக்காணம் உப்பளப் பக்கம் ஒரு முறை போய்வந்தால் காற்றில் வந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். துரு மின்சாரத்தை முழுதாகத் தடுத்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். அது கொஞ்சமாகத் தடுக்கும்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு செய்கிறது பாருங்கள். ஒரு ஹெட்லைட்டின் எர்த் முனையில் 0.4 ஓம் தடை. நாலு ஆம்பியர் போகும்போது ஒன்றரை வோல்ட்டுக்குமேல் அங்கேயே தொலைகிறது. விளக்குக்குக் கிடைப்பது பத்தரை. வோல்ட் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் எட்டில் ஒரு பங்குதானே குறையும்? இல்லை. இழை விளக்கின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய மூன்றரை மடிப் பெருக்கத்தில் மாறும். பத்தரை வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடும். உரிமையாளர் அதிக வாட் பல்பு வாங்கி மாட்டுவார். அதிக வாட் அதிக ஆம்பியரை இழுக்கும், அதே துருவில் இன்னும் அதிக வோல்ட் தொலையும், பழைய சுவிட்ச் சூடாகும். முதலில் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவினால் பத்து ரூபாயில் முடிந்திருக்கும். ஹெரால்டின் முன்பக்கம் முழுதும் ஒரே பானெட்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பது. ஹெட்லைட்டுகள் அந்தப் பானெட்டில்தான். திறந்து மூடும்போதெல்லாம் ஒயர் வளைந்து நிமிர்கிறது. அந்தக் காரில் ஒரு விளக்கு மங்கினால் முதலில் கை போக வேண்டிய இடம் அது. சுவிட்சுக்கு ஓய்வு கொடுக்க ரிலே மாட்டலாம். அதை எர்த் சுத்தமான பிறகு செய்யுங்கள்.

எர்த்தின் கோபம் முழு உருவில் தெரிவது செல்ஃப் அடிக்கும்போது. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரம் கடத்தாது. அதனால் இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். அது அறுந்தாலோ, இன்ஜின் வேலை முடித்த மெக்கானிக் திரும்ப மாட்ட மறந்தாலோ, 150 ஆம்பியர் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு வேறு என்ன இருக்கிறது? சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகும், டாஷ்போர்டில் சோக் குமிழின் அடியிலிருந்து புகை வரும். கேபிள் சிவந்து பழுத்துவிடும். கார்புரேட்டருக்கு, அதாவது பெட்ரோலுக்குப் பக்கத்தில் ஒரு பழுத்த கம்பி. புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார் என்று செலவு செய்தும் தீராத கோளாறு சில நூறு ரூபாய்ப் பட்டையில் தீர்வது இப்படித்தான்.

அடுத்து, எந்த முனை எர்த்? 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியில் மாட்டினார்கள். ஈரம் பட்ட இடத்தில் மின்சாரம் ஓடினால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரையும். ஒயர் முனைகள் மெல்லியவை, பாடியோ தடித்தது, கரைந்தால் பாடி கரையட்டும் என்பது அன்றைய வாதம். பாடித் தகடு ஓட்டையாவதைப் பார்க்கிற கார் உரிமையாளருக்கு இது ஆறுதலாக இருந்திருக்காது. டயோடும் டிரான்சிஸ்டரும் வந்த பிறகு உலகம் முழுவதும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறிவிட்டது. பாசிட்டிவ் எர்த் காரில் இன்றைய ஆம்ப்ளிஃபையரை அப்படியே வைத்தால், அதன் உலோகப் பெட்டி பாடியைத் தொட்ட நொடியில் ஷார்ட். எல்.இ.டி. சரம் எரியவே எரியாது. மாற்றுவது கடினமல்ல: பேட்டரியைத் திருப்பி மாட்ட வேண்டும், காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும், பிறகு டைனமோவின் ஃபீல்டு முனையில் பேட்டரி உயிரை ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். டைனமோவின் இரும்பில் தங்கியிருக்கும் பழைய காந்தத்தின் திசை அந்தத் தொடுதலில் திரும்பும். இதை மறந்தால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் தர முயலும்.

இனி வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பார்த்ததும் சாவியைப் போட்டுப் பார்க்கத்தான் கை துடிக்கும். அதுதான் கூடாது. நனைவதால் செம்பு கெடுவதில்லை. நனைந்திருக்கும்போது மின்சாரம் ஓடினால்தான் மின்பகுப்பு நடந்து முனைகள் பச்சைப் படிவாகக் கரையும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்த வேலை அங்கேயே நிற்கும். நல்ல தண்ணீர் விட்டுச் சேற்றைக் கழுவி, வெயிலில் காயவைக்கலாம். டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் மட்டும் பிரித்தே ஆக வேண்டும். காற்றுத் துளை வழியாகப் போன வண்டல் கார்பன் பிரஷ்ஷுக்கும் கம்யூடேட்டருக்கும் நடுவில் இருக்கும். துணிப் பின்னல் போட்ட பழைய ஒயரிங் என்றால் வெளியே காய்ந்தும் உள்ளே ஈரம் பிடித்து வைத்திருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும்.

மழை வருடத்துக்கு மூன்று மாதம். எலி பன்னிரண்டு மாதம். இது மணிலா என்கிற நிலக்கடலை விளையும் மண். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 ரகத்தை 1940 முதல் நாடு முழுவதும் விதைத்திருக்கிறார்கள். கல்யாண சீசன் முடிந்ததும் ஓப்பன் கார் போய் நிற்பது பெரும்பாலும் மூட்டை அடுக்கிய கொட்டகையில். மணிலா தேடி வரும் எலி, சாப்பிட்ட பிறகு பல்லைத் தேய்க்க ஒயரைத் தேடும். கூரை இல்லாத வண்டியில் நுழைய அதற்கு வழியா இல்லை? வெயிலில் காய்ந்து விறைத்த பழைய பி.வி.சி. உறை பல் பட்டதும் சில்லாக உதிரும். ஒயரை எலிக்கு எட்டாமல் வைக்க முடியாது. ஒயரில் உயிர் இல்லாமல் வைக்க முடியும்.

ஆகவே வண்டியை நிறுத்தியதும் பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். நெகட்டிவ் முனை என்று சொல்லவில்லை. உங்கள் வண்டியில் பாடிக்குப் போவது எதுவோ அது. உயிர் முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்ட கணத்தில் ஸ்பேனரே ஷார்ட் கம்பியாகிவிடும். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால் பிறகு எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள்; சும்மா இருந்தாலும் அது தானே இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12ஐத் தொட்டால் ஏறக்குறையக் காலி. அடுத்த முகூர்த்தத்துக்குத் திரும்ப மாட்டும்போது உயிர் முனை முதலில், எர்த் கடைசியில்.